புதுக் காரின் பெயின்ட்: ஃபிலிம் எதற்கு, கோட்டிங் எதற்கு?

கார் வாங்கிப் பத்து நாள் இருக்கும். ராத்திரி பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு இறங்கினேன். மேலே எரிந்த விளக்கின் பிம்பம் கறுப்பு பானெட்டில் விழுந்திருந்தது. அதைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை பின்னியதுபோல, மெல்லிய கீறல்கள். யாரும் இடிக்கவில்லை, எதிலும் உரசவில்லை. டெலிவரி அன்றைக்குக் கார் பளிச்சென்று தெரியட்டும் என்று விற்பனை நிலையத்தில் யாரோ தூசித் துணியால் அழுத்தித் துடைத்த அடையாளம் அது. அதே இடத்திலிருந்துதான் மறுவாரம் போன் வந்தது: "சார், செராமிக் கோட்டிங் போட்டுக்கிட்டீங்கன்னா கீறலே விழாது."

முதலில் அந்தச் சிலந்தி வலை. அது உண்மையில் வட்டமே கிடையாது. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. விளக்குக்குத் தோதான கோணத்தில் கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் வட்டமாகத் தெரிகின்றன. நாம் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் கடைகளில் ஸ்வர்ல் மார்க் என்பது இதைத்தான். மேகமூட்டமான பகலில் கண்ணிலேயே படாது. நேர் வெயிலும் டார்ச் வெளிச்சமும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்தப் போன் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், பெயின்ட் என்று நாம் சொல்வது எத்தனை கனம் என்று தெரிந்தாக வேண்டும்.

தொழிற்சாலையில் காரின் உடம்பு வெறும் தகடாக இருக்கும்போதே முழுசாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருவைத் தடுக்கும் முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் வரை வரும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிரின்டரில் போடும் சாதாரண ஏ4 தாள் சுமார் 100 மைக்ரான் கனம். ஆக, நாம் ஆசை ஆசையாகத் தடவிப் பார்க்கும் பெயின்ட் மொத்தமும் ஒரு தாள், மிஞ்சினால் ஒன்றரைத் தாள். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். அதாவது, அரைத் தாள்.

அந்த அரைத் தாள்தான் நம் கைமுதல். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தைத் தின்னாமல் தடுக்கும் சேர்மானங்களும் அதில்தான் இருக்கின்றன. பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பது என்றால், கீறலை எதையோ வைத்து அடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் சீவி இறக்குவதுதான் பாலிஷ். லேசான பாலிஷ் என்றால் ஒன்றிரண்டு மைக்ரானோடு போகும்; காம்பவுண்ட் என்ற முரட்டுத் தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷினை அழுத்தினால் அதைப்போலப் பல மடங்கு தேயும். போனது போனதுதான், திரும்ப வளராது. வருஷத்துக்கு இரண்டு தடவை 'ரப்பிங் பாலிஷ்' போட்டுப் பளபளக்க வைத்த கார்கள், சில வருஷம் கழித்துக் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி வெயில்.

பழைய கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறம் ஒட்டும். தேய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். 1980-களில் கிளியர் கோட் பரவலான பிறகு துணியில் நிறம் ஒட்டுவதில்லை. தேய்மானம் நிற்கவில்லை, நிறமில்லாததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த அரைத் தாளை எதெது தின்னும்? நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் டயர் எற்றிவிடும் சிறு கல் ஒரு வகை. அது கிளியர் கோட்டோடு நிற்காது, பிரைமர் வரைக்கும், சில சமயம் தகடு வரைக்கும் பெயர்த்துவிடும். அப்புறம் உராய்வு: துணி, பிரஷ், பை, பெல்ட் பக்கிள், கதவைத் திறக்கும் நகம். மூன்றாவது, ரசாயனம். பறவை எச்சம், பூச்சிச் சாறு, மரப்பால், தார், உப்புத் தண்ணீர்.

பறவை எச்சத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அதன் அமிலம் மட்டுமே குற்றவாளி என்று சொல்வார்கள். வெயிலுக்கும் பங்கு உண்டு. சூடேறிய பானெட்டில் கிளியர் கோட் சற்றே இளகி விரிகிறது. மேலே கிடக்கும் எச்சம் அதே நேரத்தில் காய்ந்து இறுகுகிறது. சாயங்காலம் கார் குளிரும்போது கிளியர் கோட் சுருங்கி, எச்சத்தின் சொரசொரப்பை அச்சு எடுத்ததுபோல வாங்கிக்கொள்கிறது. கழுவிய பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரிவது அதனால்தான். காலையில் விழுந்ததை மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். எடுக்கிற விதம் ஒன்று உண்டு: தண்ணீரில் நனைத்த டிஷ்யூவை அதன்மேல் போர்த்தி ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, அப்படியே அள்ளி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. எச்சத்தில் விதை, மண், சிறு கல் எல்லாம் இருக்கும். தேய்த்தால் உப்புத்தாள் போட்ட கதையாகிவிடும்.

சரி, இப்போது ஃபிலிமுக்கு வருவோம். கடைகளில் பி.பி.எஃப். (பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) என்பார்கள். பெயின்ட் மேல் ஒட்டும் ஒளிபுகும் பாலியூரித்தேன் படலம். இதன் மூதாதை வியட்நாம் போர்க் காலத்தில் வந்தது. ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை விளிம்புகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க அமெரிக்க ராணுவத்துக்காக 3எம் நிறுவனம் செய்த பாலியூரித்தேன் டேப்தான், பிறகு பந்தயக் கார்களின் மூக்குக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக் கார்களுக்கு இறங்கியது.

இன்றைய ஃபிலிம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் கனம். நம் தாள் கணக்கில், பெயின்ட் ஒன்றரைத் தாள் என்றால் அதன்மேல் இன்னும் இரண்டு தாள். கனத்தைவிட முக்கியம், அது ரப்பர்போல வளைந்து கொடுப்பது. கல் வந்து அடித்தால் படலம் உள்வாங்கி, அந்த அடியை அகலமாகப் பரப்பிவிட்டுத் திரும்ப எழும்பிக்கொள்கிறது. கிளியர் கோட் இறுகிய பொருள் என்பதால் அதே அடியில் தெறித்துவிடும். மேல் பரப்பில் இன்னொரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அதில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தானாக மூடிக்கொள்ளும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஃபிலிமின் மேல் பித்தளை பிரஷ்ஷால் கோடு கோடாகக் கீறிவிட்டு ஹீட் கன்னைக் காட்டுவார் கடைக்காரர். இரண்டு நொடியில் கோடுகள் காணாமல் போகும். அது பொய்யில்லை. ஆனால் மேல்பூச்சைத் தாண்டிப் படலத்தையே வெட்டிய கீறல் எந்தச் சூட்டிலும் மூடாது. சாவியால் வேண்டுமென்றே கிழித்தால் ஃபிலிமும் கிழியும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது டி.பி.யு.வா, அதாவது மேலே சொன்ன பாலியூரித்தேனா, இல்லை பி.வி.சி. என்ற வேறு பிளாஸ்டிக்கா என்பது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பி.வி.சி. படலம் விலை குறைவு, தானாகக் கீறல் ஆறாது, வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துவிடும். விறைத்த படலத்தைக் கழற்றுவது பெரும்பாடு. துண்டு துண்டாகப் பிய்ந்து, பசையைப் பெயின்ட்டிலேயே விட்டுவிட்டு வரும். டி.பி.யு.விலும் மட்டமான ரகம் மஞ்சளடிக்கும். வெள்ளைக் காரில் அது ஊருக்கே தெரியும். நிறம் மாற்ற ஒட்டுகிற வினைல் ராப் வேறு சமாச்சாரம். அது மெல்லியது, அழகுக்கானது. கல்லடியை அது தாங்கும் என்று நம்பி ஒட்ட வேண்டாம்.

ஃபிலிமின் தரம் பாதி என்றால் ஒட்டுகிறவர் கை மீதிப் பாதி. பானெட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் படலத்தை மிதக்கவிட்டு, இடம் சரிபார்த்து, ஸ்க்வீஜி என்ற தட்டைப் பட்டையால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்றுவார்கள். பம்பரின் வளைவில்தான் வேலைக்காரர் யாரென்று தெரியும். அதிகமாக இழுத்தால் இழுத்த கோடு தெரியும், கொஞ்சம் விட்டால் மடிப்பு விழும். படலத்தைக் காரின் மேல் வைத்து பிளேடால் வெட்டுகிறார்களா, கணினியில் அளவு போட்டு முன்பே வெட்டி வருகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. காரின் மேல் வெட்டுகிறவர் தேர்ந்தவராக இருந்தால் விளிம்பை உள்பக்கம் மடித்து ஒட்டி, ஃபிலிம் இருப்பதே தெரியாமல் முடித்துவிடுவார். கை தவறினால் பெயின்ட்டைக் காக்க வந்த வேலையிலேயே பெயின்ட்டில் பிளேடு கோடு விழும். முன்வெட்டுப் படலத்தில் அந்தப் பயம் இல்லை. ஆனால் விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நிற்கும், அந்தக் கோட்டில் அழுக்குச் சேரும். எனக்கு அழுக்குக் கோடு பரவாயில்லை. பழைய டூத் பிரஷ் போதும்.

ஒட்டிய மறுநாள் உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழி தெரிந்தால் பதற வேண்டாம். சில நாளில், சில வாரத்தில் தானாக வற்றிவிடும். தூசித் துகளோ, தூக்கிய விளிம்போ வற்றாது. அதைச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். முதல் ஒரு வாரம் கழுவக் கூடாது. பிரஷர் வாஷரை எப்போதுமே விளிம்புக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

இனி கோட்டிங். தெரிந்த பழைய ஆள் கார்னோபா மெழுகு. பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. அழகாகப் பளபளக்கும், சில வாரங்களில் போய்விடும். அதைவிடச் சில மாதம் கூடுதலாக நிற்பவை செயற்கை சீலன்ட்கள். இடையில் 'டெஃப்லான் கோட்டிங்' என்று ஒன்று ரொம்ப நாளாக விற்கிறது. தோசைக்கல்லில் டெஃப்லான் உருகிப் பிடிக்க 300 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். தொழிற்சாலையில் காரின் கிளியர் கோட்டைச் சுடுவதே சுமார் 140 டிகிரியில்தான். துணியால் தேய்த்துவிட்டால் காரில் டெஃப்லான் படலம் உருவாகிவிடும் என்பதை எப்படி நம்புவது?

செராமிக் கோட்டிங் நிஜமான சரக்கு. சிலிக்கா சார்ந்த திரவம். பூசியதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கிளியர் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. ஷாம்புவால் போகாது, எடுக்க வேண்டுமென்றால் பாலிஷ்தான் போட வேண்டும். எச்சமும் மரப்பாலும் நேரே கிளியர் கோட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் வாங்கித் தருகிறது, அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கிறது, கழுவுவதைச் சுலபமாக்குகிறது. இவ்வளவும் உண்மை. கனம்? இறுகிய பிறகு ஒரு மைக்ரான், கூடிப்போனால் இரண்டு. தாளில் நூற்றில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு கல்லைத் தடுப்பேன் என்பது, கொசுவலையை வைத்துக்கொண்டு ஆலங்கட்டி மழையில் நிற்பது மாதிரி. ஐந்து லேயர், ஏழு லேயர் என்று சொன்னாலும் கணக்கு பெரிதாக மாறாது. இரண்டாவது பூச்சு முதலில் விட்டுப்போன இடத்தை நிரப்பும். அதற்கு மேல் அடுக்குவதால் ஃபிலிமின் கனம் வந்துவிடாது.

அப்புறம் அந்த '9எச்' கதை. இது பென்சில் சோதனையில் வரும் அளவு. 6பி முதல் 9எச் வரை பென்சில்களை 45 பாகையில் சாய்த்து, 750 கிராம் எடையோடு பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே கடினமான 9எச் பென்சிலும் கீறாவிட்டால் அந்தப் பூச்சு 9எச். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் முற்றிலும் வேறு. அதில் 9 என்பது மாணிக்கமும் நீலக்கல்லும் இருக்கும் இடம். விற்பனைப் பேச்சில் இரண்டு ஒன்பதும் ஒன்றாகிவிடுகின்றன. தெருத் தூசியில் இருக்கும் மணல் மோஸ் அளவில் 7. பென்சில் முனை அதன் பக்கத்தில்கூட வராது. பென்சிலைத் தாங்கிய பூச்சு மணலைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. தூசித் துணியால் துடைத்தால் கோட்டிங் போட்ட காரிலும் சிலந்தி வலை வரும். வருகிறது.

தண்ணீர் முத்து முத்தாக உருள்வதை வீடியோவில் காட்டி மயக்குவார்களே, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாமரை இலையில் நீர்த்துளி பரப்பைத் தொடும் கோணம் 150 பாகைக்கு மேல். அதனால்தான் இலை லேசாக அசைந்தாலே உருண்டு ஓடிவிடுகிறது. காரின் கோட்டிங்கில் அந்தக் கோணம் 100, 110 என்ற அளவில்தான். சரிவான கதவில் துளி ஓடிவிடும். சமதளமான பானெட்டிலும் கூரையிலும் முத்தாக உட்கார்ந்துகொண்டே வெயிலில் காயும். தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையமாகிவிடும். கோட்டிங் போட்ட பிறகுதான் கறை அதிகமாகத் தெரிகிறது என்று சிலர் புலம்புவது இதனால். புதுக் கறைக்கு, தண்ணீர் கலந்த வினிகரை நிழலில் தொட்டு எடுத்து உடனே கழுவிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். ஊறிப்போனதற்குப் பாலிஷ்தான், அதாவது கைமுதலிலிருந்து எடுப்பதுதான்.

அப்படியானால் எதைப் போடுவது? நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் கார் என்றால் என் ஓட்டு முன்பக்கத்துக்கு ஃபிலிம்: பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட். முழுக் காருக்கும் ஒட்டுவது அழகுதான், கையில் பணமும் மனசில் பயமும் நிறைய இருப்பவர்கள் செய்யட்டும். கல்லடி விழும் இடம் பெரும்பாலும் முகம்தான். கூடவே நான்கு சின்ன இடங்கள்: கதவுக் கைப்பிடிக்குள் நகம் படும் குழி, கதவின் விளிம்பு, கால் வைத்து ஏறும் படி, பின்பம்பரின் மேல்விளிம்பு. பெட்டியை இழுத்து இறக்கும்போது உரசுவது அந்தக் கடைசி இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் கோட்டிங் போதும். ஊருக்குள்ளேயே மெதுவாகச் சுற்றும் கார் என்றால் ஃபிலிமை அந்த நான்கு சின்ன இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டையும் போடுவதானால் ஃபிலிம் முதலில், கோட்டிங் அதன்மேல். மாற்றிப் போட்டால் வழுக்கும் பரப்பில் ஃபிலிமின் பசை சரியாகப் பிடிக்காது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கார் வைத்திருப்பவர்கள் கிளியர் கோட்டைப் பாலிஷ் போடவே முடியாது, போட்ட இடம் பளபளத்துக் கறைபோல நிற்கும். அவர்களுக்கு மேட் ஃபிலிம் கிட்டத்தட்டக் கட்டாயம்.

புதுப் பெயின்ட் 'மூச்சு விட' மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. தொழிற்சாலைப் பெயின்ட் உலையில் சுடப்பட்டு வெளியே வருகிறது, காத்திருக்க ஒன்றுமில்லை. அந்தப் பேச்சு பொருந்துவது இடித்தபின் பட்டறையில் திரும்ப அடித்த பெயின்ட்டுக்கு; அதில் கரைப்பான் வெளியேறச் சில வாரமாவது விட வேண்டும். அப்படி அடித்த பேனலில் ஃபிலிம் ஒட்டினால், கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். புதுக் கார் என்று வாங்கியதிலேயே யார்டில் உரசி, ஒரு கதவை மட்டும் திரும்பப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதும் நடக்கிறது. பெயின்ட் கனம் அளக்கும் கருவியை எல்லாப் பேனலிலும் வைத்துப் பார்த்தால், 120 என்று போய்க்கொண்டிருக்கும் எண் ஒரு கதவில் 250 என்று எகிறும். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் இந்தச் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

எதைப் போட்டாலும், போடுவதற்கு முன் பரப்பைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. புதுக் காரும் சுத்தமாக இருக்காது. ரயிலிலும் லாரியிலும் வரும் வழியில் இரும்புத் துகள் வந்து பதிந்திருக்கும். பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவினால் சொரசொரவென்று விரலுக்குத் தெரியும். இரும்பு நீக்கும் திரவத்தைத் தெளித்தால் வெள்ளைக் காரில் ஊதா நிறம் வடியும்; அது துகள் கரையும் அடையாளம். அப்புறம், மிச்சத் துகளை ஒட்டி எடுக்கக் களிமண் போன்ற கிளே, அப்புறம் தேவைப்பட்டால் மட்டும் ஒரே ஒரு லேசான பாலிஷ், கடைசியில் ஆல்கஹால் துடைப்பு. பாலிஷ் போடாமல் கோட்டிங் போட்டால், இருக்கிற சிலந்தி வலையை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல ஆகும்.

இதெல்லாம் முடிந்தபின் மிச்சம் இருப்பது துடைக்கும் கை. கீறல்களில் பெரும்பகுதி சாலையில் விழுவதில்லை. நிறுத்தியிருக்கும் காரின் மேல், அன்பாகத் துடைக்கும்போது விழுகின்றன. உலர்ந்த துணியால் தூசி தட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டு, அது காற்றில் அடித்துக்கொண்டிருப்பதும் அதே ரகம். கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரால் தூசியை இறக்க வேண்டும். பிறகு நிழலில், கார் ஷாம்புவோடு, இரண்டு வாளி: ஒன்றில் சோப்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். அரைக் கார் கழுவிய பிறகு இரண்டாவது வாளியின் அடியில் படிந்திருக்கும் மண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டால் ஒரே வாளிக்குத் திரும்ப மனசு வராது. சக்கரங்களுக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடரக் கூடாது. துடைக்கும்போது தேய்க்காமல், பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துண்டுகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும்.

வாரன்ட்டி அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிலிமின் வாரன்ட்டி பொதுவாக மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது ஆகியவற்றுக்குத்தான், கல்லடிக்குக் கிடையாது. கோட்டிங்கின் வாரன்ட்டியில், அவர்களிடமே குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பராமரிப்பு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஒரு தடவை தவறினால் அட்டை வெறும் அட்டை.

என் கறுப்புக் காருக்குக் கடைசியில் ஒரே ஒரு லேசான பாலிஷ், முகத்துக்கு ஃபிலிம், மற்ற இடத்துக்கு ஒரு லேயர் கோட்டிங் என்று முடித்தேன். பாலிஷுக்கு முன்னும் பின்னும் கருவியை வைத்துப் பார்த்ததில் பானெட்டின் எண் இரண்டு குறைந்திருந்தது. இப்போது சர்வீஸுக்கு விடும்போது, ஜாப் கார்டில் 'வாஷ் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்' என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.